குளிர்பெட்டிக் கணக்கு

அப்பா செத்த அன்று
தெருவின் குளிர்பெட்டி தெருவில் இல்லை.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
நாகேந்திரன் வீட்டில் இருந்தது.
அவன் அம்மா அதில் படுத்திருந்தாள்.
முந்தின நாள் மதியம்
வண்டி பிடித்து அனுப்பியதே அப்பாதான்.
"வயரை மடிச்சுக் கட்டாதப்பா, உள்ள அறுந்துபோகும்"
என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்து
சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.
நெஞ்சு லேசாகக் கரிக்கிறது என்றார்.
விடிவதற்குள் அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி வாங்க
செல்லூரில் அவர் ஏறி இறங்கிய விசைத்தறிக் கூடங்கள்
நாற்பத்தொன்று.
துண்டு நெய்கிற முதலாளி ஒருவர்
"சாவுக்கா நன்கொடை கேக்குற, மாயழகு?" என்று சிரித்தாராம்.
"நமக்குந்தான மொதலாளி."
நூறு எழுத வந்த கை
ஐந்நூறு எழுதியது.

நாங்கள் மூன்று பெண்கள், அம்மா.
இரவு பத்தரைக்கு
நிலையில் கைவைத்துக் குனிந்து செருப்பு எண்ணுவார்.
அவருடையதோடு ஐந்து ஜோடி.
ஒன்று குறைந்தாலும் தாழ்ப்பாள் விழாது.
கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து நான் பிந்துகிற நாட்களில்
பஸ் ஸ்டாப்பில் நிற்பார்.
என்னைக் கண்டதும்
"சும்மா காத்து வாங்க வந்தேன்" என்பார்.
அங்கே என்ன காற்று,
கண்மாய் நாற்றம்தான்.

தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடம் கடைசி.
பாதி நாள் வண்டல் கலங்கிய அடித்தண்ணீர்.
"ஊருக்குச் செயலாளரு, வீட்டுக்கு என்னவாம்?"
அம்மா கேட்பாள்.
பதில் சொல்ல மாட்டார்.
அரிவாள்மனையை இழுத்துப் போட்டு
வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார்.

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனவர்
முதல் வீட்டிலேயே பட்டாத் தகராறு தீர்க்க உட்கார்ந்தார்.
மிச்சப் பத்திரிகை
கட்டுப் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது.
அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.
காலைக் கட்டிக்கொண்டு அழுதபோதும்
அதைத்தான் சொல்லி அழுதாள்.

காலை ஏழு மணிக்கு நாகேந்திரன் ஓடிவந்தான்.
"அத்தை, பெட்டியக் கொண்டாந்துர்றேன்.
அம்மாவ மத்தியானமே எடுத்துர்றோம்.
குவைத்துல இருந்து தம்பி வந்து பாக்காட்டியும் பரவால்ல."

அம்மா உடனே பதில் சொல்லவில்லை.
விசிறியைக் கைமாற்றினாள்.
வெயில் ஏறுவதைப் பார்த்தாள்.
பிறகு
"அவரு குடுத்தத நான் திருப்பிக் கேக்குறதா?
ஒந்தம்பி வந்து பாக்கட்டும்."

கரிமேட்டிலிருந்து ஆறு ஐஸ் பார் வந்தது,
உமி ஒட்டி, லேசாக மீன் வாடையோடு.
பெஞ்சுக்கடியில் அண்டா வைத்தும் நிற்கவில்லை.
சித்திரை வெயிலில் உருகி
படி இறங்கி
வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் நனைத்தது.
தெருமுனை வரை செருப்பு.
எண்ண ஆரம்பித்தேன்,
முடியவில்லை.

தத்தனேரிக்குத் தோளிலேயே கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் பெட்டி திரும்பி வந்தது,
டெட்டால் போட்டுக் கழுவி, வயர் சுருட்டி.
மொட்டைத் தலையோடு நாகேந்திரன்
கரண்டுக்கான இருநூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றான்.
அடுப்படியிலிருந்து அம்மா,
"வாங்கி எழுதி வை."

நோட்டைத் திறந்தேன்.
கடைசி வரி அவர் கையெழுத்து.
தேதி, ரஞ்சிதம்மாள், ரயில்வே கேட், போனது.
பக்கத்துக் கட்டம் காலி.
அவர் பேனா எழுதவில்லை.
ஊதி, உள்ளங்கையில் கிறுக்கி,
அழுத்தி எழுதினேன்:
வந்தது. வயர் நல்லா இருக்கு.

நிமிர்ந்தபோது
மூன்றாம் குறுக்குத் தெருக்காரர் ஒருவர்
வாசலில் நின்றுகொண்டிருந்தார்,
செருப்பைக் கழற்றாமல்,
எப்படிக் கேட்பதென்று தெரியாமல்.